ஏசி அவருடையது, மீட்டர் உங்களுடையது

மார்ச் 31 நெருங்க நெருங்க, கடைக்காரர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே குழப்பம். ‘நிதியாண்டு முடிவதற்குள் ஏசி வாங்கினால் வரி மிச்சம் என்கிறார் ஷோரூம்காரர். வாடகைக்கு எடுத்தால் முழுவதையும் செலவில் காட்டலாம் என்கிறார் வாடகைக்கு விடுபவர். யார் சொல்வதைக் கேட்பது?’

வரி விஷயத்தில் இருவருமே கொஞ்சத்தைப் பெரிதாக்கிச் சொல்கிறார்கள். 40,000 ரூபாய் ஏசிக்கு ஆண்டுத் தேய்மானம் 15 சதவீதம். வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அதில் பாதிதான். ஆக, மார்ச் கடைசியில் மாட்டும் ஏசிக்கு இந்த ஆண்டு கழிக்கக் கிடைப்பது 3,000 ரூபாய். 30 சதவீத வரி கட்டுபவருக்கே அதில் மிஞ்சுவது 900 ரூபாய். அதற்கும் பில் மட்டும் போதாது, மெஷின் கடையில் ஓடியிருக்க வேண்டும். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டும் சிறு வணிகர்கள், தேய்மானத்தையும் வாடகையையும் தனியாகக் கழிக்கவே முடியாது. அவர்களுக்கு மார்ச் 31 இன்னொரு செவ்வாய்க்கிழமை மாதிரிதான்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. வாடகை ஏற்பாட்டில் மெஷினைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், அதற்குக் கரண்ட் பில் கட்டுபவர் இன்னொருவர். வாடகைக்கு விடுபவருக்குத் தேவை குறைந்த முதலில் வாங்கிய, சீக்கிரம் ரிப்பேராகாத மெஷின். அது எத்தனை யூனிட் குடித்தாலும் அவர் பையிலிருந்து ஒரு பைசா போகாது. இதில் மோசடி எதுவும் இல்லை. ஒப்பந்தமே அப்படி அமைந்திருக்கிறது.

‘அதற்குத்தானே ஸ்டார் லேபிள்?’ என்று கேட்கலாம். லேபிளில் அச்சிட்டிருக்கும் ஆண்டு யூனிட், ஏசி வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்ற அனுமானத்தில் போட்டது. தினம் 10 மணி நேரம் ஓட்டும் கடையில் அது 160 நாளில் தீர்ந்துவிடும். 300 நாள் திறந்திருக்கும் கடையில் ஏசி ஓடுவது 3,000 மணி நேரம். லேபிள் எண் வீட்டுப் படுக்கையறைக்குப் பொருந்தலாம். உங்கள் ஜெராக்ஸ் கடைக்கு அது ஆண்டுக் கணக்கே அல்ல.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை டன் ஏசி இரண்டு. ஒன்றின் லேபிளில் 750 யூனிட், மற்றதில் 1,000. கடையின் 3,000 மணி நேரத்துக்கு மாற்றினால் வித்தியாசம் சுமார் 470 யூனிட். வணிக இணைப்பில் யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் மாதம் 390 ரூபாய் கூடுதல். வாடகையில் 300 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று அந்த 1,000 யூனிட் மெஷினை ஒருவர் மாட்டினால், சலுகை யாருக்கு?

ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். 2021-ல் ஐந்து ஸ்டார் அளவை ஒட்டித் தேறிய ஸ்பிலிட் ஏசி, 2022 ஜூலையில் அளவுகோல் உயர்ந்தபோதே நான்காக இறங்கிவிட்டது. 2026 ஜனவரியில் மறுபடி உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் மெஷின் மேல் ஒட்டியிருக்கும் ஐந்து அப்படியேதான் இருக்கும். லேபிளில் உள்ள ஆண்டையும், ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணையும் பாருங்கள். எண் கூடுதலாக இருந்தால் செலவு குறைவு. அந்த இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் நடுவில் ‘மாற்று மெஷின்’ என்று எதையாவது கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார்கள்.

சர்வீஸிலும் இதே கதைதான். பழுதானால் இலவசம் என்று எழுதியிருப்பார்கள். அடைத்த ஃபில்டர் பழுது அல்ல. ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கும், மீட்டர்தான் வேகமாக ஓடும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவித் தருவார்கள் என்பதைக் கேட்டு எழுதுங்கள்.

இதை நேராக்க வழி இல்லாமல் இல்லை. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியில் மையக் குளிரூட்டும் நிலையம் ஒன்று குழாய் வழியே கட்டடங்களுக்குக் குளிர்ந்த நீரை அனுப்புகிறது. மெஷினை ஓட்டும் கரண்ட் நிலையத்தின் செலவு என்பதால், சிக்கனம் விற்பவரின் கவலையாகிவிடுகிறது. நம் ஊர் ஒற்றைக் கடைக்கு அது எட்டாது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஜி.எஸ்.டி.? வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் 18 சதவீதம். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர் அதைத் திரும்ப எடுக்க முடியாது. 2025 செப்டம்பர் 22-க்கு முன் அது 28 சதவீதமாக இருந்தது. அந்த விலையை வைத்துப் போட்ட வாடகைப் பட்டியலை நீட்டினால் பேரம் பேசுங்கள்.

டி.டி.எஸ்.? பிடித்தம் செய்ய வேண்டியவராக நீங்கள் இருந்தால், ஒருவருக்கே மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டும்போது 2 சதவீதம்.

காஸ் தீர்ந்துவிட்டது என்கிறார்களே? காஸ் தானாகத் தீராது, கசிந்திருக்கிறது. அடைப்பது மெஷின்காரர் பொறுப்பு என்று எழுதுங்கள்.

ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம் மிச்சமா? மத்திய எரிசக்தித் திறன் பணியகம் அப்படிச் சொல்கிறது. கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும் பேக்கரியில் அதே 6 கிடைக்குமா என்பது சந்தேகம்.

இ.பி. லோடு? ஏற்றத்தான் வேண்டும். சீசன் முடிந்து ஏசியைக் கழற்றிக்கொண்டு போன பிறகும், லோடைக் குறைக்க நீங்கள் விண்ணப்பிக்கும் வரை ஃபிக்ஸட் சார்ஜ் வந்துகொண்டே இருக்கும்.