வீட்டுத் தோட்டத்தில் சின்ன வெங்காயம்

வேப்பம்பட்டிலும் அடுத்துள்ள திருநின்றவூர், செவ்வாப்பேட்டைப் பகுதிகளிலும் வயல்கள் பல மனைகளாகிவிட்டன. எனினும், வீட்டின் பின்புறம் பத்தடி நீளமும் நாலடி அகலமும் கொண்ட ஒரு பாத்திக்கு இடமுள்ள அங்கத்தினர் பலர் உளர். சின்ன வெங்காயத்தின் விலை ஏறும் மாதங்களில் குடும்பச் செலவு படும் பாட்டை அறிந்தவர்க்கு அப்பாத்தியின் பிரயோஜனம் விளங்கும்.

முதலில் பருவத்தைக் கூறவேண்டும். நமது பகுதியில் இப்பயிர் கெடுவது பெரும்பாலும் பருவம் தவறுவதாலேயே. உள் மாவட்டங்களில் ஐப்பசியில் நடுவதைக் கேட்டு, இதை எழுதுபவனும் ஓராண்டு அவ்வாறே நட்டான். வடகிழக்குப் பருவமழை அங்குப் பெய்வது வேறு, கடற்கரையை அடுத்த நமக்குப் பெய்வது வேறு. நான்கு நாட்கள் பாத்தியில் நீர் நின்றது. விதை வெங்காயம் முழுவதும் அழுகிற்று. விலை உச்சத்திலிருந்த சமயம் அது. வீட்டில் கிடைத்த உபசாரத்தை இங்கு எழுதுவதற்கில்லை! ஆதலின் மழை ஓய்ந்து மண் பொலபொலத்த பின், மார்கழிக் கடைசியிலோ தையிலோ நடுவதே சிலாக்கியம்.

மேற்சொன்ன பாத்திக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ விதை போதும். புதிதாகப் பறித்த வெங்காயம் சில காலம் உறக்கத்திலிருக்கும். ஒரே சீராக முளைக்காது. ஆகவே நன்கு காய்ந்து, முளை தலைகாட்டத் தொடங்கிய கெட்டியான காய்களைத் தேர்ந்து, வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டரும் காய்க்குக் காய் 10 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு, நுனி மேலிருக்குமாறு ஆழமின்றி ஊன்றவேண்டும். மக்கிய எரு இடலாம். பச்சைச் சாணம் ஆகாது. நட்டவுடனும் மூன்றாம் நாளும், பின்னர் வாரம் ஒருமுறையும் நீர் பாய்ச்சினால் போதும். ஏறத்தாழ 70 நாட்களில் தாள் மஞ்சளித்துச் சாயும். அதற்குச் சில நாட்கள் முன்னரே நீரை நிறுத்திவிடவேண்டும். பறித்ததைத் தாளுடன் முடிந்து நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுக.

சாம்பாருக்கும் வற்றற்குழம்புக்கும் முழுதாக வதக்கியிடுவதே நம் வழக்கம். அதற்குக் காரணமுண்டு. நறுக்கும்போதுதான் உள்ளிருக்கும் கந்தகச் சத்து நொதியுடன் கலந்து காரநெடியாகிறது. முழுக்காயை வதக்கினால் இனிப்பே மேலோங்கும்.

தையில் நட்டதன் மற்றொரு லாபம், அறுவடை பங்குனி வெயிலில் வருவது. அதுவே தாளிப்பு வடகத்திற்குக் காலம். உரித்த வெங்காயம் ஒரு கிலோவைக் கொரகொரவென இடித்து, பூண்டும் உளுந்தும் நூறு நூறு கிராம், கடுகு 50 கிராம், சீரகமும் வெந்தயமும் 25 கிராம் வீதம், மஞ்சள்தூள், உப்பு, கறிவேப்பிலை சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து ஓரிரவு மூடிவைக்கவேண்டும். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, மாலையில் உதிர்த்துப் பிசைந்து மீண்டும் பானையிலிடுக. பத்து நாட்களில் கல்போல் உலரும். ஈரம் படாத ஜாடியில் ஓராண்டு கெடாது. ஐப்பசி மழையில் வெங்காயம் எட்டாக்கனியாகும்போது, ஒரு கிள்ளு வடகம் காய்ந்த எண்ணெயில் பொரிந்தால் குழம்பு முழுதும் மணக்கும்.