உங்களுக்குத் தெரியுமா? – பாரிமுனைப் படத்துக்கு வயது என்ன?

பழைய பாரிமுனைப் படம் ஒன்று. டிராம், மாட்டுவண்டி, கைரிக்‌ஷா, குடை பிடித்த மனிதர்கள், எல்லாம் இருக்கிறது. தேதி மட்டும் இல்லை. கவலை வேண்டாம், முனையே வயதைச் சொல்லிவிடும்.

◆ டிராம் தெரிகிறதா? அப்படியென்றால் படம் 1895-க்கும் 1953-க்கும் இடைப்பட்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் ஓடியது சென்னையில்தான், 1895 மே மாதம். கடைசி டிராம் நின்றது 1953 ஏப்ரலில், ராஜாஜி முதல்வராக இருந்தபோது.

◆ டிராம் இருக்கிறது, தலைக்கு மேல் கம்பியைக் காணோமா? தேய்த்து அழித்த படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆரம்பத்தில் மின்சாரம் தெருவுக்கு அடியில், தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில்தான் போனது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தப் பள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! வெள்ளம் புகுந்து தொல்லை தரவே, மேலே கம்பி கட்டினார்கள். கம்பி இல்லாத டிராம் படம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்; அது மிகப் பழசு.

◆ முனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி சென்னைக்கு வந்தது 1788-ல். ஆனால் இன்று நாம் பார்க்கும் பாரி கம்பெனிக் கட்டடமான டேர் ஹவுஸ் எழுந்தது 1940-ல். டிராமும் டேர் ஹவுஸும் ஒரே படத்தில் இருந்தால் 58 ஆண்டு இடைவெளி 13 ஆண்டாகச் சுருங்கிவிடும். துப்புகளில் இதற்கு இணை இல்லை.

◆ தெரு வெறிச்சோடிக் கிடக்கிறதா? மிகப் பழைய படங்களில் ஆள் இருந்தும் இல்லாததுபோல் தெரிவதுண்டு. 1838-ல் பாரிஸின் பூல்வார் தியூ தாம்ப்ல் சாலையை லூயி தாகேர் படமெடுத்தார். ஆளும் வண்டியுமாக நெரிசலான சாலை அது. தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் பிடித்ததால் நகர்ந்தவை எல்லாம் மறைந்துபோயின. பளிச்சென்று பதிந்தவர் செருப்புக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர்தான்! பாரிமுனை டிராம் படத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது. அதற்குள் நொடிக்கும் குறைவான நேரத்தில் படமெடுக்கும் தகடுகள் வந்துவிட்டன. ஆளில்லாத முனை என்றால், அன்று நிஜமாகவே ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம்.

◆ 1892-ல் திறந்த உயர்நீதிமன்றத்தின் கோபுர உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. டிராம் காலம் முழுக்க அது அங்கேயே இருந்ததால் வயது சொல்ல உதவாது. ஆனால் படம் சரியாக அச்சாகியிருக்கிறதா என்று சொல்லும். கடலுக்கு முதுகு காட்டி அன்றைய சைனா பஜார் ரோட்டை, அதாவது இன்றைய என்.எஸ்.சி. போஸ் சாலையை, பார்த்து நின்றால் உயர்நீதிமன்றம் இடப்பக்கம், பாரி கட்டடம் வலப்பக்கம். மாறியிருந்தால் நெகடிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். கடைப் பலகையின் எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.