இரு திரை, ஒரு சான்று

மாணவர்களே! பாய்மரப் படகில் கடலோடும் மீகாமனுக்கு இன்று உற்ற துணையாக விளங்குவது மின்னணுக் கடல்வரைபடக் கருவியாகும். படகு இருக்கும் இடத்தை அது வரைபடத்தின்மேல் குறித்துக் காட்டும். சுக்கானருகே ஒன்றும் உள்ளறையில் ஒன்றுமாக இரு கருவிகளை வைத்து இணைத்தல் பலரது வழக்கம்.

இணைக்கும் முறை யாதெனின், படகினுள் மூலவடம் ஒன்று ஓடும். என்.எம்.இ.ஏ. 2000 என்னும் நெறிப்படி, அதன் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை பொருத்துவர். இன்றேல் குறிப்புகள் முனையில் மோதி மீண்டு குழம்பும். செயற்கைக்கோள்வழி இடங்காட்டி, ஆழமானி, காற்றுமானி ஆகியவை கிளைவடங்களால் அதனோடு சேரும். ஆதலின் ஒன்று அறிந்ததை மற்றவையும் அறியும்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இரு திரைகளுக்கும் இடங்காட்டி ஒன்றேயாயின், அதன் பிழையை இரண்டும் ஒருங்கே காட்டும். திரை இரண்டாதலால் சான்றும் இரண்டு ஆகிவிடாது. எனவே, தனித்தியங்கும் இடங்காட்டி ஒன்றையும் தாள் வரைபடத்தையும் அறிவுடையோர் உடன் கொள்வர்.

பழுதற்ற கருவியும் வினவினாலன்றி முழுவிடை தாராது. 2014 நவம்பர் 29 அன்று, உலகைச் சுற்றும் போட்டியில் சென்ற 'வெஸ்டாஸ் விண்டு' என்னும் படகு, மொரீசியசுக்கு வடகிழக்கேயுள்ள கார்கடோஸ் கராஹோஸ் பவளத்திட்டில் இரவில் மோதியது. சுருக்கிய வரைபடத்தில் திட்டின் இடர் புலப்படவில்லை. பெரிதாக்கி நோக்கியிருப்பின் தெளிவாகத் தெரிந்திருக்கும். படகிலிருந்த ஒன்பதின்மரும் உயிர் தப்பியது நற்பேறே.

கருவிகளை இணைக்கக் கற்றவன், அவற்றை ஐயுற்று ஆராயவும் கற்றல் வேண்டும்.