காபரேட்டரில் கை வைக்குமுன்

இலங்கை மலையகத்தின் கந்தப்பளையில் தை, மாசி மாதக் காலைகளில் பழைய பெற்றோல் கார் ஒன்றை ஸ்டார்ட் செய்வது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஸ்டார்டர் சோம்பலாகச் சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டாலும் உதறும், சோக்கை உள்ளே தள்ளியதும் நின்றுவிடும். உடனே பலரும் காபரேட்டர் திருகாணியைத்தான் தேடுகிறார்கள். என் வாதம் இதுதான்: அந்தத் திருகாணி கடைசியில் தொட வேண்டியது. எஞ்சின் எப்போது உதறுகிறது என்பதைக் கவனித்துவிட்டுத்தான் ஸ்பேனரையே எடுக்க வேண்டும். இவ்வளவு கவனம் எதற்கு என்றால், நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னும் புதுக்காரின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டவில்லை. கையில் இருக்கும் மொரிஸ் மைனரையோ எண்பதுகளின் ஜப்பான் காரையோ நல்லபடி ஓடவைப்பது இங்கே பல வீடுகளுக்கு அவசியத் தேவை.

குளிர் செய்வது மூன்று காரியம். ஒயில் தடித்து எஞ்சினைச் சுற்றவிடாமல் இழுக்கிறது. பெட்டரி பலமிழக்கிறது, பூச்சியம் பாகைக்கு அருகில் ஈயப் பெட்டரியின் சுழற்றும் சக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பெற்றோலும் ஆவியாகாமல் துளித்துளியாக இன்லெட் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எரிவது ஆவிதான், துளி அல்ல. அதனால்தான் சோக்கை இழுத்து வழமையைவிடக் கூடுதலாகப் பெற்றோல் கொடுக்கிறோம். எஞ்சின் சூடேறச் சூடேற அந்த உபரி தேவையற்றுப் போகிறது. ஆகவே முதல் சில நிமிடங்கள் மட்டும் உதறி, பிறகு அமைதியாகும் எஞ்சினில் காபரேட்டர் கலவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பார்க்க வேண்டியவை பெட்டரி, ஒயிலின் தடிப்பு, சோக் கேபிள் முழுமையாக இழுபடுகிறதா என்பவைதான். சூடேறிய பின்னும் உதறினால் அது வேறு கதை.

வேறு கதை என்றால் முதலில் தீப்பொறி. மலையின் பனிமூட்டம் இரவு முழுவதும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயர்களிலும் ஈரமாகப் படிகிறது. வெடிப்பு விட்ட பழைய வயரில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். இருட்டில் பொனட்டைத் திறந்தால் நீலப் பொறிகள் கண்ணுக்கே தெரியும். உலர்ந்த துணியால் துடைத்ததும் எஞ்சின் சீரானால் குற்றம் அங்கேதான், வயரை மாற்றுவதே மருந்து. அடுத்தது பொயின்ட் இடைவெளி: மொரிஸ் மைனரின் ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு 0.015 அங்குலம். வால்வு இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கையில் 0.012 அங்குலம். எஞ்சின் ஓடும்போது, காப்புறையிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியும் உதறல் கூடவில்லையோ, அந்த வயருக்குரிய சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. இதற்குப் பிறகும் பிடிபடாவிட்டால் இன்லெட் மெனிஃபோல்டின் கஸ்கட் ஓரங்களில் சிறிது தண்ணீர் தெளிக்கலாம். ஓட்டம் சட்டென மாறினால் அங்கே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. காற்றுக் கசிவை வைத்துக்கொண்டு காபரேட்டரைத் திருகுவது, ஓட்டைக் குடத்துக்கு அளவு பார்த்துத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

ஈரக் குளிருக்கு இன்னொரு சேட்டையும் உண்டு. இதை மெக்கானிக்குகள் கூடத் தவறவிடுகிறார்கள். காபரேட்டரில் பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெளியே 8, 10 பாகை இருந்தாலே உள்ளே உறைநிலைக்குக் கீழே போய், காற்றிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். கார் ஸ்டார்ட் ஆகி, தெருவில் சற்றுத் தூரம் ஓடி, மூச்சுத் திணறி நிற்கும். ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தால் எஞ்சின் சூட்டில் பனி உருகியிருக்கும், ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் கிளம்பும். கழற்றிப் பார்ப்பவருக்கு ஒரு தடயமும் கிடைக்காது. எயார் கிளீனரின் வாய் எக்ஸோஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை இழுக்கும்படி இருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

“கொழும்பில் நன்றாக ஓடிய கார் இங்கே வந்ததும் உதறுகிறது, அப்படியானால் காபரேட்டர்தானே காரணம்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏறத்தாழ 1900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிகிறது, பெற்றோல் அதே விகிதத்தில் குறைவதில்லை. கலவை எட்டுப் பத்து வீதம் செழித்துவிடுகிறது. பிளக்குகள் கரி படிந்து கறுத்திருந்தால் அதுவே சாட்சி. ஆனால் தேய்ந்த பிளக்கும் இறுக்கமாகிப்போன வால்வும் இருக்கும்போது கலவையை மெலித்தால் உதறல் கூடவே செய்யும். “பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கினால் போதாதா?” என்பது மற்றொரு வாதம். சோக்கை இழுத்தபடி நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக் கீழே இறக்குகிறது. தேய்மானம் அங்கே தொடங்கும். மூடிய கராஜுக்குள் ஓடவிட்டால் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் உயிரையே எடுத்துவிடும். அரை நிமிடத்தில் மெதுவாகக் கிளம்பி, சோக்கைப் படிப்படியாகத் தள்ளுவதே நல்லது.

எல்லாம் சரியான பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடாகியிருக்கும்போது காபரேட்டருக்கு வரலாம். எஸ்.யு. காபரேட்டராக இருந்தால் அதனுள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் கலவை செழிப்பு. எஞ்சின் நின்றுபோனால் மெலிவு. ஒரு கணம் கூடி அடங்கினால் சரி. கந்தப்பளைக்காக இப்படி மெலித்த கலவை கொழும்பில் இன்னும் மெலிந்துவிடும், எஞ்சின் அளவுமீறிச் சூடேறும். அடிக்கடி கீழே இறங்கும் கார் என்றால் திருகாணியைச் சற்றுச் செழிப்புப் பக்கமாகவே விட்டுவையுங்கள்.