பெயர்ச்சீட்டு இல்லாத மருந்து

போன மாதம் வன்னியிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் பேசும்போது, சோடாப் போத்தல் ஒன்றில் மருந்து எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னான். காணி துப்புரவாக்கும்போது கிடந்த பழைய ரவைகளை உடைத்துக் கொட்டிய மருந்து. கச்சான் தோட்டத்துக்குள் இறங்கும் பன்றிக்கு, ஊரில் ஒருவரிடம் இருக்கும் இடியன் துவக்கில் போட்டு இடிக்கலாம் என்பது அவனுடைய எண்ணம்.

"மருந்து மருந்துதானே மாமா" என்றான்.

அவனை ஏசுவதற்கு எனக்குத் தகுதி இல்லை. நானும் அப்படித்தான் நினைத்து வளர்ந்தவன். இடம்பெயர்ந்து திரும்பிய ஒரு காலத்தில், வளவுக்குள் சிதறிக் கிடந்த ஷெல் மருந்துக் குச்சிகளைப் பொறுக்கி நெருப்பில் காட்டுவோம். சீறிக்கொண்டு ஓடும். என் விரல்கள் பத்தும் இன்றைக்கும் இருப்பது கெட்டித்தனத்தால் அல்ல.

மருந்தில் வகை இருக்கிறது என்பதை நான் கனடாவுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். என்னோடு வேலை செய்யும் முதியவர் ஒருவர் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மூஸ் வேட்டைக்குப் போவார். தன் றைபிளுக்கான ரவைகளைத் தானே நிரப்பிக்கொள்வார். அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. ஒருநாள் என்னையும் தன் நிலக்கீழ் அறைக்கு அழைத்தார். வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த அறைக்குள் இறங்கவே கொஞ்சம் நேரம் எடுத்தது.

அவருடைய துவக்கு .300 வின்செஸ்டர் மக்னம். 1963இல் வந்த வகை. மக்னம் என்பது முதலில் பெரிய சம்பெயின் போத்தலின் பெயர். ரவையில் அது, அதே பருமனுள்ள சாதாரண ரவையைவிடக் கூடுதல் மருந்து கொள்ளும் பெரிய கோதைக் குறிக்கும். இந்த ரவைக்கு அமெரிக்கத் தொழிற்துறை வைத்திருக்கும் அழுத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 64,000 இறாத்தல். ஒரு காரின் ரயருக்குள் இருப்பது 32 அளவில். அதைப்போல இரண்டாயிரம் மடங்கு அழுத்தம் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் எழுகிறது.

அவரிடம் இரண்டு மருந்துகளைக் கேட்டு வாங்கி வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தேன். இரண்டும் கருஞ்சாம்பல் நிறம், இரண்டும் குட்டைக் குச்சிகள். பென்சிலில் இருக்கும் காரீயத்தை மேலே பூசுவதால் அநேகமான மருந்துகளுக்கு இந்த நிறம்தான். கண்ணால் பிரித்தறிய வழியே இல்லை. வித்தியாசம் எரியும் வேகத்தில் இருக்கிறது.

பன்னாடையும் எரியும், பாலைக் கட்டையும் எரியும். குசினியில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கைத்துப்பாக்கிக்கான மருந்து பன்னாடையைப் போல. குறுகிய குழலுக்குள் சின்னக் குண்டைத் தள்ளவேண்டும் என்பதால் பக்கென்று எரியும். மக்னம் றைபிளில் நீண்ட குழலும் பாரமான குண்டும் இருப்பதால் மெல்ல எரிந்து, குண்டு நகர நகர அதைத் தள்ளிக்கொண்டே போகும் மருந்து வேண்டும். பெரிய மக்னம் கோது நிறைய வேகமான மருந்தைப் போட்டால், குண்டு அதிக தூரம் நகர்வதற்கு முன்பே அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். பிறகு துவக்கு துவக்காக இராது.

மருந்துகளை வேக வரிசையில் அடுக்கிய அட்டவணைகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பார்த்து, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டை ஒன்றுக்கொன்று மாற்றலாம் என்று நினைத்துவிடுவார்கள் என்றார் நண்பர். அந்த அட்டவணை எது முந்தி, எது பிந்தி என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு போடலாம் என்று சொல்லாது. அளவு தெரிய வேண்டுமானால், தயாரிப்பாளர் சோதித்து வெளியிட்ட கைநூலில் அந்தக் குண்டுக்கும் அந்த மருந்துக்கும் உரிய வரியைப் பார்க்க வேண்டும். அதில் தொடக்க அளவும் உச்ச அளவும் இருக்கும். தொடக்கத்தில் தொடங்கி, சுட்டுப் பார்த்து, சிறிது சிறிதாகத்தான் ஏறலாம். குண்டை மாற்றினாலும், கோதின் அடியில் இருக்கும் சிறிய எரியூட்டியை மாற்றினாலும் மறுபடி கீழிருந்துதான். குறைத்துப் போட்டால் பாதுகாப்புத்தானே என்று கேட்டேன். அதுவும் இல்லையாம். மெல்ல எரியும் மருந்தைத் தொடக்க அளவுக்குக் கீழே குறைத்தால் சீராகப் பற்றாது, அழுத்தமும் நம்பமுடியாதபடி நடந்துகொள்ளும்.

கோதைப் பெரும்பாலும் நிரப்பும் மருந்தையே அவர் தேர்ந்தெடுப்பார். தவறி இரண்டு தடவை ஊற்றினால் வழிந்துவிடும் என்பதால் பிழை உடனே தெரியும். வெக்கைக்கு அழுத்தம் அதிகம் மாறாத மருந்தா என்றும் பார்ப்பார். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான் இருக்கலாம். வேலை முடிந்ததும் மிச்சம் அதே பேணிக்குத் திரும்பும்.

அந்தப் பேணிகளில் ஒன்றின் கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் 20 மில்லிமீற்றர் பீரங்கிகளுக்கென்று 4831 என்ற மருந்து ஏராளமாகச் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் மிஞ்சியதை அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன் வாங்கி, வேட்டைக்காரர்களுக்கு மலிவாக விற்றார். மெல்ல எரிவதால் பெரிய மக்னம் ரவைகளுக்கு அது பொருந்திப்போனது. 1970களில் டியூபொன்ட் நிறுவனம் ஐ.எம்.ஆர் 4831 என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இலக்கம் ஒன்றுதான், ஆனால் ஹொட்ஜ்டனுடையதைவிட வேகமாக எரிவது. ஒன்றின் உச்ச அளவை மற்றதற்குப் போட்டால் ஆபத்து. பெயரும் இலக்கமும் ஒட்டிய பேணியிலேயே இவ்வளவு சிக்கல்!

அங்கேயும் போரில் மிஞ்சிய மருந்துதான். ஆனால் அது என்னது, எதற்குச் செய்தது என்று விற்றவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். எங்கள் காணிகளில் கிடப்பதற்கு அந்தச் சீட்டு இல்லை.

இடியன் துவக்கு கரிமருந்துக்காகச் செய்த துவக்கு. வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த அந்தப் பழைய மருந்தின் அழுத்தம் குறைவு. ரவைக்குள் இருப்பது புகை குறைந்த மருந்து. 1884இல் பிரான்சில் போல் வியெய் கண்டுபிடித்த வழியில் வந்தது. பஞ்சை அமிலத்தில் ஊறவைத்துச் செய்வது. சிலவற்றில் நைத்திரோகிளிசரினும் சேரும். இதை இடியனுக்குள் போட்டால் குழல் கிழியும். இதில் அளவு பார்த்துப் போடுவது என்ற பேச்சே கிடையாது. ஷெல்லுக்குள் இன்னொன்றும் இருக்கிறது. தள்ளிவிடும் மருந்து எரியும். தலைக்குள் இருப்பது எரிவதற்கல்ல, வெடித்துச் சிதறுவதற்கு. எங்கள் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

வயதும் சேர்கிறது. புகை குறைந்த மருந்து பழுதாகும்போது உள்ளேயே அமில ஆவி உண்டாகும். அதை அடக்குவதற்குக் கலந்திருக்கும் பொருள் காலப்போக்கில் தீர்ந்துபோகும், வெக்கை அதை விரைவாக்கும். கடைசியில் தானாகவே பற்றவும் கூடும். மே மாத வன்னி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் சோடாப் போத்தல் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் மருமகனுக்கு இரண்டு நாள் சொன்னேன். அவனுக்கு மருந்தைவிடப் பயம் வேறொன்றில் இருந்தது. "சொன்னா, என்னட்ட எப்பிடி வந்தது எண்டு பிடிச்சு விசாரிப்பாங்கள் மாமா." அந்தப் பயத்தை நான் பொய் என்று சொல்லமாட்டேன். எத்தனையோ பேர் வாய் திறக்காமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். போத்தலைத் தொடாதே, அசைக்காதே, கொட்டிலைப் பூட்டு என்று மட்டும் சொன்னேன். பிறகு அக்கா கிராம அலுவலரிடம் போனார். அவர் ஊடாகக் கண்ணிவெடி அகற்றும் ஆட்களுக்குத் தகவல் போனது.

மூன்றாம் நாள் வந்தார்கள். போத்தலைப் பாதுகாப்பாக எடுத்துக்கொண்டு, ரவைகள் கிடந்த இடத்தைக் காட்டச் சொன்னார்களாம். காட்டியிருக்கிறான். அவன் மண்வெட்டி போட்ட இடத்திலிருந்து நாலடி தள்ளி, மண்ணுக்குள் ஒரு மோட்டார் ஷெல் முழுசாக இருந்திருக்கிறது.

கச்சான் இந்த முறையும் பாதி பன்றிக்குத்தான் போனது.