வான்வழியா, தரைவழியா? நோயாளரை இடம் மாற்றும்போது எண்ண வேண்டியவை

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் மருத்துவ வசதி பற்றிப் பேச்செடுத்தால், “அவசரத்துக்கு ஒரு ஹெலிகொப்டர் வந்தால் போதும்” என்ற குரல் எழுவதுண்டு. அது நியாயமான ஏக்கம். நெடுந்தீவு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை தேவைப்படும் ஒருவர், முதலில் கடல் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவேண்டும். படகுப் பயணம் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு 30 கிலோமீற்றருக்கு மேல். பிரசவத்தின் பின் கடுமையாகக் குருதி போகும் தாய், சிகிச்சை கிடைக்காவிட்டால் இரண்டு மணித்தியாலங்களுக்குள் இறந்துவிடக்கூடும். இந்த இரு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் வானத்தையே நோக்குவார்.

எனினும் வேகமான வாகனம் எது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. நோயாளி எப்போது, எந்த நிலையில் உரிய மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர்வார் என்பதே கேள்வி.

நேரத்தை முழுமையாக எண்ணுவோம்

நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். ஹெலிகொப்டருக்கு அது கால் மணித்தியாலப் பயணம். ஆனால் ஹெலிகொப்டர் தீவிலே காத்து நிற்பதில்லை. அழைப்புப் போகவேண்டும், அனுமதி கிடைக்கவேண்டும், விமானி வானிலையைப் பார்க்கவேண்டும், இயந்திரம் ஆயத்தமாகவேண்டும், பின்னர் தீவுக்குப் பறந்து வரவேண்டும். இவற்றையும் கூட்டினால்தான் உண்மையான நேரம் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு நோயாளியை மாற்றுவதையும் எடுத்துக்கொள்வோம். வீதியால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விமானத்தில் ஒரு மணித்தியாலமளவு. ஆனால் தரைவழியில் நோயாளியை இரண்டு தடவைகளே தூக்கி மாற்றுகிறோம்: கட்டிலிலிருந்து அம்புலன்சுக்கு, அம்புலன்சிலிருந்து கட்டிலுக்கு. வான்வழியிலோ பலாலிக்கு ஓர் அம்புலன்ஸ், பின்னர் விமானம், அங்கே இறங்கி இன்னோர் அம்புலன்ஸ் என்று நான்கு தடவைகள். குழாய் கழலுவதும், ஊசி விலகுவதும், ஒட்சிசன் தடைப்படுவதும் பெரும்பாலும் இத்தகைய மாற்றங்களின்போதே. இவ்வளவு நீண்ட தூரத்துக்கு விமானம் நேரத்தை மீதப்படுத்தும். குறுகிய தூரத்துக்கு அம்புலன்ஸ் முந்திவிடும்.

உயரமும் இரைச்சலும்

மேலே செல்லச் செல்ல காற்றழுத்தம் குறையும்; உடலுக்குள் அடைபட்ட காற்று விரியும். பயணிகள் விமானத்தின் உள்ளறை அழுத்தம், 8000 அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பாகும் அளவுக்குக் குறையலாம். அப்போது அடைபட்ட காற்று ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெருக்கும். நெஞ்சறையில் காற்றுக் கசிந்திருப்பவருக்கு, பறப்பதற்கு முன்பே குழாய் வைத்து அதை வெளியேற்றவேண்டும். தாழப் பறக்கும் ஹெலிகொப்டரில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் அதன் இரைச்சலில் இதயத்துடிப்பைக் குழல் வைத்துக் கேட்க முடியாது. ஒடுங்கிய இடத்தில் அவசர சிகிச்சையும் கடினம். வீதியில் அம்புலன்சை ஓரமாக நிறுத்தலாம், வழியிலுள்ள வைத்தியசாலைக்குத் திருப்பலாம். வானத்தில் அது இயலாது.

ஆகவே எந்த வழியானாலும், புறப்படுமுன் நோயாளியை நிலைப்படுத்துவதே முதல் வேலை. மூச்சுப்பாதை சீராக வேண்டும், குருதிப்பெருக்கு கட்டுப்பட வேண்டும், நாளத்தில் ஊசி ஏற்றப்பட வேண்டும், பயிற்சி பெற்ற ஒருவர் கூடச் செல்ல வேண்டும், ஏற்கும் வைத்தியசாலைக்கு முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். இவை இல்லாத ஹெலிகொப்டர், வேகமான வெறும் வண்டிதான்.

அவுஸ்திரேலியாவின் உள்நாட்டில் 1928இல் யோன் பிளின் என்ற போதகர் பறக்கும் மருத்துவ சேவையைத் தொடக்கினார். அங்கே வீடுகளுக்கிடையில் நூற்றுக்கணக்கான மைல்கள். ஆனால் விமானம் மட்டும் போதவில்லை. தூரத்து வீடு எவ்வாறு அழைப்பது? 1929இல் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவி வந்த பின்னரே அச்சேவை முழுப் பயன் தந்தது. அழைப்பும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பது அதன் பாடம்.

சோளகமும் மாரியும்

சோளகக் காற்றில் கடல் கொந்தளித்தாலும் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். படகு தயங்கும் அந்நாட்களில் ஹெலிகொப்டர் உயிர் காக்கலாம். மாரியில் நிலைமை வேறு. தாழ்ந்த முகிலும் கடுமழையும் சேரும்போது படகும் ஓடாது, ஹெலிகொப்டரும் எழாது. மிகவும் தேவைப்படும் இரவில் இரு வழிகளும் அடைபடக்கூடும்.

கடற்படைப் படகுகளும் விமானப்படை ஹெலிகொப்டர்களும் தீவு நோயாளரை ஏற்றிச் சென்ற சந்தர்ப்பங்கள் பல. 2018 யூலையில் வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, வீட்டிலிருந்தும் விபத்து நடந்த இடத்திலிருந்தும் வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதைப் பெரிதும் எளிதாக்கியது. ஆனால் அம்புலன்ஸ் கடலில் ஓடாது. படகும் அம்புலன்சும் இறங்குதுறையில் ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் அந்த வழி ஒரு வழியாகும். படகு புறப்படும்போதே அக்கரைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால், இறங்குதுறையில் காத்திருக்கும் நேரம் மிஞ்சும்.

கிராமம் செய்யக்கூடியது

வான்வழியா, தரைவழியா என்பதைத் தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு. அத்தீர்மானம் பயன்தர, ஊர் முன்கூட்டியே செய்யக்கூடியவை உண்டு.

குடும்பநல உத்தியோகத்தரிடம் பிரசவத் திகதிகளைக் கேட்டறிந்து, மாரிகாலத்தில் பிரசவமாகவுள்ள தாய்மாரை, முக்கியமாக முன்னர் சிக்கல் கண்டவர்களை, சில வாரங்கள் முன்பே அக்கரையில் தங்கச் செய்யலாம். தங்க உறவினர் வீடு இல்லாதவருக்கு ஊர்ச்சங்கம் இடம் தேடிக் கொடுக்கலாம். வீட்டிலுள்ள பிள்ளைகளை அயலவர் பொறுப்பேற்கலாம். படகோட்டிகள், வைத்தியசாலை, கிராம அலுவலர் ஆகியோரின் தொலைபேசி இலக்கங்களை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி ஒட்டலாம். ஹெலிகொப்டர் இறங்கத் தகுந்த திடலை அதிகாரிகளுடன் பேசித் தெரிந்துகொண்டு, அங்கே கம்பியோ தகரமோ கிடக்காமல் துப்புரவாக வைத்திருக்கலாம்.

ஹெலிகொப்டர் வேண்டும் என்று கேட்பதை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதைக் கேட்கும் அதே கூட்டத்தில், இந்த மாரியில் நம் ஊரில் பிள்ளை பெறப்போகும் தாய்மார் எத்தனை பேர், அவர்கள் எங்கே தங்குவார்கள் என்றும் கேட்போம். முன்கூட்டியே கரை சேர்ந்த தாய்க்கு நள்ளிரவில் படகும் தேவைப்படாது, ஹெலிகொப்டரும் தேவைப்படாது.