மாம்பழமும் பலாப்பழமும் ஒன்றா?

பெர்ல் நிரலில் "மாம்பழம்" == "பலாப்பழம்" என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சமம் என்றே விடை வரும்!

ஏன்? பெர்லில் இரட்டைச் சமக்குறி எண்களுக்கு உரியது. அதனருகே எழுத்துச் சரம் வந்தால், முதலில் அதை எண்ணாக மாற்றிவிடும். "12 மாடு" 12 ஆகும். எண்ணாக வாசிக்க முடியாத சொல் 0 ஆகும். பூஜ்யமும் பூஜ்யமும் சமம்தானே?

லாரி வால் 1987இல் வெளியிட்ட இம்மொழியில், எண்ணா எழுத்தா என்பதைச் செயற்குறியே தீர்மானிக்கிறது. வேறு மொழி பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நிரலோ நிற்காமல் ஓடும். எழுத்துகளாலான கடவுச்சொல்லை இப்படிச் சோதித்தால், தவறான சொல்லையும் ஏற்றுக்கொள்ளும். அதுதான் ஆபத்து.

சரங்களை ஒப்பிட 'ஈக்யூ' பயன்படுத்துங்கள். நிரலின் தொடக்கத்தில் 'யூஸ் வார்னிங்ஸ்' வரியையும் சேருங்கள். பிழை எந்த வரியில் என்று பெர்லே சொல்லிவிடும்.